வலப்பக்கத்துக்காரி

என் காலைப் பார்த்த டாக்டர், நரம்பெல்லாம் சுருண்டுபோயிருக்கிறது, தினமும் நடங்கள், இல்லாவிட்டால் சைக்கிளாவது ஓட்டுங்கள் என்றார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் ஒரு பெண் காரணமில்லாமல் நடந்து பார்க்கட்டும். முதல் வீட்டில் எங்கே போகிறாய் என்பார்கள், அடுத்த வீட்டில் எதற்குப் போகிறாய் என்பார்கள், அதற்கடுத்த வீட்டில் புருஷனோடு சண்டையா என்று கேட்டே விடுவார்கள். சைக்கிள் என்றால் கேள்வி வாயை விட்டு வெளியே வருவதற்குள் தாண்டிவிடலாம். அதனால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவள் படிப்பை முடித்து சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. சைக்கிள் கடை பாய் டியூபை மாற்றி, பிரேக்கை இறுக்கி, ஓட்டிக் காட்டச் சொன்னார். கடைக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்தேன். விழவில்லை. "மறக்கலயேம்மா" என்று அவர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் கால் ஏன் அப்படி ஆனது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்கிறவர்கள். கோர்வை என்றால் புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழைக்கு இழை பின்னிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடம்பும் இடக்கரையும் அவர் கை. வலக்கரை என் கை. குறுக்கு நூலோடு அவர் ஓடவிட்ட நாடாக்கட்டை என் பக்கம் வந்ததும் நான் என் நாடாவைக் கோத்து விடுவேன், அப்புறம்தான் அவர் பலகையை இழுத்து அடிப்பார். நான் இல்லையென்றால் அவரால் ஒரு விரல்கடைகூட நெய்ய முடியாது. அவர் இல்லையென்றால் என்னாலும் முடியாது. எனக்கு வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் அவர், முன்னால் தறி, கீழே கால் தொங்கும் குழி. கல்யாணமானதிலிருந்து என் விலாசம் இதுதான்.

மாதத்துக்கு ஒரு நாள் தறி நிற்கும், அமாவாசை அன்று. ஊரில் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ எங்களுக்கு அமாவாசை அப்படி. பல் பிடுங்குவது, சினிமாவுக்குப் போவது, சம்பந்தி வீட்டில் முகம் காட்டுவது, மகளுக்குக் காலேஜில் அட்மிஷன் போட்டது, எல்லாமே அமாவாசையில்தான். ஆஸ்பத்திரியில் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் அமாவாசைக்கு என்போம். நர்ஸ் காலண்டரைத் தேடுவாள்.

விடியற்காலையில் தறிக்கு உட்காருவதற்கு முன் சைக்கிளை எடுத்துக்கொண்டு செவிலிமேடு வரைக்கும் போவேன். பாலாற்றுப் பாலத்தின் நடுவில் நிறுத்திக் கீழே பார்ப்பேன். தண்ணீர் இருக்காது, மணலும் முள்ளும்தான். ஆனால் அந்த இடத்தில் எனக்கு வலப்பக்கமும் கிடையாது, இடப்பக்கமும் கிடையாது. யாரும் எதையும் என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருக்கவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்வேன். அதற்குள் வேலைக்குப் போகிறவர்களின் பைக்கும் டவுன் பஸ்ஸும் தொடங்கிவிடும், திரும்பிவிடுவேன்.

அதற்கும் வந்தது வினை. நான் திரும்பி வரும்வரை அவர் தறியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பாய் கடையில் செகண்ட் ஹேண்டாக ஒரு கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். தனியாகப் போகிறாயே, துணைக்கு வருகிறேன் என்றார். அக்கறைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் கேட்டார்கள்? கியரை மாற்றத் தெரியாமல் ஒரே கியரில் மிதித்துக்கொண்டு வந்தார். அதுகூடப் பரவாயில்லை. ரோட்டிலும் எனக்கு இடப்பக்கமே வந்தார். பெண்ணை ஓரத்தில் விட்டுவிட்டு ஆம்பிளை வண்டி போகிற பக்கம் வருவதுதான் உலக வழக்கம். எங்களுக்குப் பழக்கம் வேறு. அவர் ஓரத்தில், நான் நடு ரோட்டில். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே போனோம்.

அந்தச் சமயத்தில்தான் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஜவ்வாது மலையில் ஒரு ஏரி. சுற்றிக் காடு, கரையோரம் ஒரு ரோடு, ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. எதிர்மலைக்கு மேலே முழு நிலா ஏறி வருகிறது, தண்ணீரில் அது கலைந்து கலைந்து கூடுகிறது. நான் அதை எத்தனை தடவை பார்த்தேனோ, சார்ஜ் தீர்ந்துபோனது. சைக்கிளில் அந்த ரோட்டில் போய், அந்த நிலாவை நான் மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. வேறு எதையும் நான் இந்த வீட்டில் கேட்டதில்லை. நாடாவை விட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன்.

"அந்த ஏரியில நெலாவப் பாத்துட்டு வரட்டுமா?"

"அவ்ளோதானே? வர்ற அமாவாசைக்குப் போலாம்" என்றார்.

வரட்டுமா என்று நான் ஒருமையில் கேட்டதும் போலாம் என்று அவர் பன்மையில் பதில் சொன்னதும்தான் என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் மற்றதை யோசிக்கவில்லை. சரி என்றேன்.

போளூரில் என் நாத்தனார் வீடு. அவள் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். காஞ்சிபுரத்துக்குக் காய்கறி கொண்டுவருவார், மலைக்கு மளிகை ஏற்றிக்கொண்டு போவார். அவர் வண்டியில் எங்கள் இரண்டு சைக்கிளையும் படுக்க வைத்து, முதல் நாள் சாயங்காலம் போளூர், மறுநாள் காலையில் மலை. கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி மேலே சமமாகத் தொடங்கும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் வளைவுகளில் தேய்ந்து அடங்கியதும் அப்படி ஓர் அமைதி. எங்கள் தெருவில் தூங்கும்போதுகூடப் பக்கத்து வீட்டுத் தறி தலைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். இங்கே இலை விழுவது கேட்டது. ரோடு மேலே ஏறி, இறங்கி, ஒரு சின்ன ஏரியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி காட்டுக்குள் போனது. புளியமரம், பலாமரம், நடுவில் சிவப்பு மண்ணில் சாமை வயல். எதிரே ஒரு மாடு வந்தது, அதுவும் ஓரமாகவே போனது. இந்த அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. இடப்பக்கம் அவருடைய மட்கார்டு கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. நான் வேகமாக மிதித்தால் அவரும் வேகமாக மிதித்தார். பின்தங்கினால் அவரும் மெதுவானார். மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளலாமா என்று நினைத்தேன், அதற்குள் அவர் இறங்கிவிட்டார். தறியில் என் கை நகர்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும், அதே மாதிரி. வாய் பேசாமலும் இருக்கவில்லை. பாவு போதுமா, ஜரிகை வந்துவிட்டதா, வளையல் கரை இந்தத் தடவை எடுப்பாக வந்திருக்கிறது இல்லையா. நான் ம் என்றேன். எத்தனை ம் சொன்னேனோ கணக்கில்லை. இத்தனை காட்டுக்கு நடுவில் எனக்கு அந்தச் சுவரும் குழியும்தான் கூடவே வந்துகொண்டிருந்தன.

நடுப்பகலில் ஒரு ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அமாவாசை ஆயிற்றே, காக்கைக்கு வைக்காமல் அவர் சாப்பிட மாட்டார். வாழை இலையில் ஒரு பிடி வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டார். காடே மௌனமாக இருந்தது. விடாமல் கூப்பிட்டார். கடைசியில் ஒரு குரங்கு இறங்கி வந்து, பிடிச் சோற்றை விட்டுவிட்டுப் பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. அவர் கீழே நின்று அதைப் பெரியவர்களிடம் பேசுவது போலக் கெஞ்சினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி இரண்டு பேரும் சைக்கிள் ஏறினோம், அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

கடைசி மேட்டின் உச்சியில் நின்றபோது கீழே மரங்களுக்கு நடுவில் ஏரி பளிச்சென்று தெரிந்தது. ரோடு நீளமாக இறங்கியது. பிரேக் பிடிச்சுக்கினே போ என்றார். நான் பிடிக்கவில்லை. ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது. கையை எடுத்துவிட்டேன், சைக்கிள் பிய்த்துக்கொண்டு போனது. புடவை முந்தானையை இடுப்பில் செருகியது நல்லதாயிற்று. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மட்கார்டு சத்தம் பின்தங்கியது, பிறகு இல்லவே இல்லை. காற்று, டயர் ஓடுகிற சத்தம், என் மூச்சு, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை அது.

ஏரிக்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா மெஸ் வைத்திருந்தார். ராத்திரிக்கு அங்கேயே ஓர் அறை சொல்லியிருந்தோம். அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வரவில்லையே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் இன்னும் வரவில்லையே என்று ரோட்டையே பார்க்கத் தொடங்கினேன். எழுந்து போய்ப் பார்க்கலாமென்று சைக்கிளைத் திருப்பும்போது வளைவில் வந்தார், தள்ளிக்கொண்டு. செயின் அறுந்துவிட்டதாம். கை முழுக்க கிரீஸ். ஏன் பிரேக் பிடிக்காமல் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து பெஞ்சில் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

வெயில் இறங்கியது. நாங்கள் எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் கறுத்தது. நட்சத்திரம் ஒவ்வொன்றாக வந்து, பிறகு கொத்துக் கொத்தாக வந்தது, நான் பார்த்ததே இல்லை அவ்வளவை. நிலா வரவில்லை. மலை மறைக்கிறது, கொஞ்சம் பொறு என்றார். பொறுத்தோம். அவருக்குப் பசி எடுத்துவிட்டது. மத்தியானம் சரியாகச் சாப்பிடாததைச் சொல்லிப் புலம்பத் தொடங்கினார்.

"இன்னாம்மா, அமாவாசை அதுவுமா சோத்தப் போயி கொரங்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக எங்களுக்கு அமாவாசை என்றால் லீவு. அது வானத்தில் நடக்கிற ஒரு விஷயம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நிலாவுக்குக் காத்திருந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மெஸ்கார அம்மா டார்ச்சோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு நின்ற பிறகும் எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் வெளியூர் போன நாளெல்லாம் இருட்டு நாள்தான். நிலா இருக்கிற நாளெல்லாம் நான் குழியில் இருந்திருக்கிறேன். இந்தத் தறி நிற்கிற நாளில்தான் என்னால் வர முடியும், அந்த நாளில் நிலா வரவே வராது. ஆத்திரமாக வந்தது.

"அடுத்த பௌர்ணமிக்கு நான் வருவேன்" என்றேன். "தனியா."

"அன்னிக்குத் தறி?"

"நிக்கட்டும்."

அவர் இருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ காலைல பாலத்துக்குப் போய்டுற. நான் தறியில ஒக்காந்துக்கினு இன்னா பண்றது சொல்லு. நாடாவக் கையில வெச்சிக்கினு சொவத்தப் பாத்துக்கினு இருக்கணும். அதான் சைக்கிள் வாங்கினேன்."

அவரும் அதே குழியில்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தானே இத்தனை வருஷம் போனது. நான் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் போளூரில் இறங்கியதும் என் சைக்கிள் இங்கேயே இருக்கட்டும் என்று நாத்தனார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன். ஊருக்கு அவருடைய சைக்கிள் மட்டும்தான் வந்தது. செயின் மாட்டக் கொண்டுபோனபோது பாயிடம் விஷயத்தைச் சொல்லித் தொலைத்தார். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நாங்க பொற தெரியலன்னா பெருநாளே கொண்டாட மாட்டோம். நீங்க அமாவாசைல போயி நெலாவத் தேடியிருக்கீங்களே. பொற பதினாலுக்கு, முழு நெலாவுக்குப் போவச் சொல்லுப்பா" என்றாராம்.

அடுத்து வந்த நாள்கள்தான் கஷ்டம். தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. கல்யாணத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள், பெண் வீட்டார் அவசரப்படுகிறார்கள் என்று முதலாளி போன் செய்தார். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கட்டும் என்று. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தப் பெண்ணோ, மணையில் உட்கார வேண்டியவள். நிலா எங்கே போகப் போகிறது, அடுத்த மாதமும் வரும். என் கை நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தது, மனசு தினமும் ஒரு தடவை போவதில்லை என்று முடிவு செய்தது. மகளிடம் போனில் சொன்னேன். "சோலோ டிரிப்பாம்மா? கேன்சல் பண்ணின, நான் பேச மாட்டேன்" என்றாள். அவளுக்கென்ன, அவள் ஆபீசில் யாரும் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நாடா விடுவதில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள் மத்தியானம் அவர் பலகையை நிறுத்தினார். நாள் போதாது, நாளைக்கும் உட்காரலாம் என்று சொல்லப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நாளைக்கு அட்டை கோக்குற வேலை இருக்குது" என்றார். "டிசைன் அட்டை. அத நான் ஒருத்தனே பண்ணுவேன். நீ போய்ட்டு வா."

அட்டை கோக்கிற வேலைக்கு அப்போது அவசரமே இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். நான் நாடாவை வைத்துவிட்டு எழுந்தேன், குழியிலிருந்து காலை எடுக்க அவர் கை கொடுத்தார்.

பஸ்ஸில் போளூர், குட்டி யானையில் மலை. அதே இடத்தில் நாத்தனார் வீட்டுக்காரர் என்னை இறக்கிவிட்டார். சத்தம் அடங்கியதும் மட்கார்டு இல்லாத அமைதி வந்தது. மேட்டில் என் இஷ்டத்துக்கு இறங்கித் தள்ளினேன். ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து புளிச்சோறு முழுவதையும் நானே சாப்பிட்டேன். குரங்கு வந்து பார்த்தது, கல்லைக் காட்டினேன், போய்விட்டது. ஒரு இடத்தில் ரோட்டின் குறுக்கே மயில் நின்றது, அது போகும்வரை நானும் நின்றேன், யாரும் என்னம்மா என்று கேட்கவில்லை. ஆனாலும் ரோடு எனக்கே எனக்கென்று கிடந்தபோது நான் அதன் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தேன், ஓரத்தில் ஒரு சைக்கிளுக்கு இடம் விட்டு. அதைக் கவனித்ததும் ஓரத்துக்கு வந்தேன். கொஞ்ச தூரம் போனால் மறுபடி நடுவில் இருந்தேன்.

ஏரிக்கரைக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. மெஸ்கார அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, இன்றைக்கு வரும் என்று வானத்தைக் காட்டிச் சிரித்தார். போனில் டவர் இல்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வந்தது. எதிர்மலைக்குப் பின்னால் முதலில் வானம் வெளுத்தது, அப்புறம் மரங்களின் தலை கறுப்பாகத் தெரிந்தது, அப்புறம் முழுதாக, மஞ்சளாக, அவ்வளவு பெரிதாக வந்தது. தண்ணீரில் கலைந்து கலைந்து கூடியது. வீடியோவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சத்தம் போட்டே அழுதேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். அந்த நீளப் பெஞ்சில் நான் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது, நிலா வெளிச்சம் அங்கே விழுந்துகொண்டிருந்தது. யாருக்காக விட்டு வைத்தேன்? என்னை யாரும் நகரச் சொல்லவில்லை, வலப்பக்கம் சுவரும் இல்லை. எழுந்து பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். நிலாவைப் பார்த்துக்கொண்டே இருந்து கொஞ்ச நேரம் கழித்துக் கவனித்தால், என்னையறியாமல் மறுபடி வலது ஓரத்துக்கு நகர்ந்திருந்தேன். மறுபடி நடுவுக்கு வந்தேன். குளிர் ஏறி மெஸ்கார அம்மா கூப்பிடும்வரை எத்தனை தடவை அப்படி நகர்ந்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் நடுவுக்கே திரும்பி வந்தேன்.